கையெழுத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம்: ராமநாதபுரத்தில் ஓர் உளவியல் ஆலோசனை மையம்

ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். மீனவர் நலவாரிய அட்டை, தடைக்கால நிவாரணம், பான் கார்டு, பாஸ்போர்ட், மாற்றுத்திறனாளி அட்டை என்று என் கண் முன்னால் ஒரு நாளைக்கு விழுகிற கையெழுத்துகளுக்குக் கணக்கில்லை. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருப்பார்கள். வருகிறவர் அந்த இடத்தைத் தேடிக் கையெழுத்துப் போடுவார், இல்லையென்றால் ரேகை வைப்பார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் "போடுங்கண்ணே, எல்லாரும் போடுறதுதான்" என்று பக்கத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார். இதையே பார்த்துப் பழகிய எனக்கு, ராமநாதபுரத்தில் உள்ள ஓர் உளவியல் ஆலோசனை மையத்தில் நடந்தது புதிதாக இருந்தது. நம் பக்கத்து ஆட்களுக்குப் பயன்படும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

மையத்தின் பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது அங்கே இருக்கும் உளவியலாளர் மேடம் வேண்டாம் என்றார். தன்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் மறுத்துப் பேசத் தயங்குகிற நிலையில் இருப்பார்கள், அவர்களிடம் பாராட்டு வாங்கிப் போடுவது தன் தொழிலுக்கு முறையில்லை என்பது அவர் காரணம். "உங்க அனுபவம் உங்களோடது, தாராளமா எழுதுங்க. என் பேரு வேண்டாம். தம்பியப் பத்தி எழுதுறதா இருந்தா தம்பிகிட்டக் கேட்டுக்கங்க" என்றார். தம்பி என்று அவர் சொன்னது என் தங்கச்சி மகனை, ஏழாம் வகுப்புப் படிக்கிறான். கேட்டேன். பெயர் வரக்கூடாது, ஸ்கூல் வரக்கூடாது, மார்க் வரக்கூடாது என்றான். வாசிப்பதுதான் பிரச்சினை என்பதை எழுதலாமாம். கையைத் தூக்கிய கதையைக் கட்டாயம் எழுத வேண்டுமாம். அவன் அப்பாவிடமும் தங்கச்சியிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டேன். மையம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியவர்கள் கடைக்கு வந்து கேளுங்கள், சொல்கிறேன்.

இந்த மையத்துக்கு முன்னால் வெளியூரில் வேறோர் இடத்துக்குப் போக வேண்டி வந்தது. பையன் வகுப்பில் பின்தங்குகிறான், டெஸ்ட் எடுத்து வாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி அவர்களே இடத்தையும் சொல்லிவிட்டார்கள். மச்சான் அப்போது இலங்கைக் கடற்படை பிடித்துப் போய் யாழ்ப்பாணம் சிறையில் இருந்தார். தங்கச்சி மட்டும் பையனைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆங்கிலத்தில் ஒரு தாள், அதில் பெருக்கல் குறி, கையெழுத்து. பையனை உள்ளே கூட்டிப் போனார்கள், கொஞ்ச நேரத்தில் வெளியே அனுப்பினார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு "ரிப்போர்ட் ஸ்கூலுக்கு அனுப்பிடுவோம்" என்று பதில். அனுப்பியும் விட்டார்கள். அறிவுத்திறன் எண் இவ்வளவு, மனவளர்ச்சி குறைவு என்று அதில் இருந்தது. அந்த எண் ஆசிரியர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றி, கூடப் படிக்கிற பையன் வாயால் எங்கள் பிள்ளை காதுக்கு வந்தது. பெற்ற தாய்க்கு அதற்குப் பிறகுதான் தெரியும்.

அவன் எப்படிப்பட்டவன் என்று ஊருக்கே தெரியும். கிழிந்த வலையைக் கொடுத்தால் தைத்து வைப்பான். கரையில் ஏலம் முடிந்ததும் ஐஸ் காசு, டீசல் காசு கழித்து ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று மனக்கணக்கில் சொல்வான். காலையில் எழுந்து வானத்தைப் பார்த்து, வாடைக்காற்று பலக்கும் என்று சொன்னால் பெரிய ஆட்கள் கேட்டுக்கொள்வார்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வரி வரியாக விரல் வைத்துத் திணறுவான்.

சரி, வேறு இடத்தில் பார்ப்போம் என்று தேடித்தான் ராமநாதபுரம் மையத்துக்குப் போனோம். குறுகலான மாடிப்படி ஏறிப் போக வேண்டும். உள்ளே ஒரு முன்னறை, இரண்டு பேச்சு அறைகள். முன்னறைச் சுவரில் சான்றிதழும் ஆர்.சி.ஐ. பதிவு எண்ணும் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார்கள். ஆர்.சி.ஐ. என்பது இந்திய மறுவாழ்வுக் கழகம். 1992 சட்டப்படி மருத்துவ உளவியலாளர்கள் அதில் பதிவு செய்திருக்க வேண்டும். எண்ணைக் குறித்து வந்து கடையில் இணையத்தில் போட்டுப் பார்த்தேன், பெயரும் எண்ணும் சரியாக வந்தன. பலகையில் "கவுன்சிலர்" என்று எழுதி வைத்திருக்கிற எல்லோரிடமும் இந்தப் பதிவு இருக்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆலோசனை சொல்வது ஒன்று, அறிவுத்திறன் தேர்வு வைத்து அறிக்கை எழுதுவது வேறு. இரண்டாவதற்குப் பதிவைக் கேட்டே ஆக வேண்டும்.

தங்கச்சி "டாக்டரம்மா" என்று கூப்பிட்டதும் அவர் முதலில் அதைச் சரிசெய்தார். "நான் மருந்து டாக்டர் இல்லம்மா. மனநல மருத்துவர் வேற, நான் வேற. நான் பேசுவேன், டெஸ்ட் வைப்பேன், மருந்து எழுத மாட்டேன். மருந்து தேவைப்படும்னு தோணுச்சுன்னா அவங்ககிட்ட அனுப்புவேன்." தங்கச்சிக்கு இந்த வித்தியாசத்தை இதற்கு முன்னால் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் சம்மதத் தாளை எடுத்தார். தமிழில் இரண்டு பக்கம். மேஜை மேல் ஒரு பேனா கிடந்தது. அதை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். தாளைத் தங்கச்சி பக்கம் திருப்பி வைத்து, தலைகீழாகத் தெரியும் எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். தங்கச்சி எட்டாம் வகுப்போடு நின்றவள், வேகமாக வாசிக்க வராது. அதை அவள் சொல்லாமலேயே புரிந்துகொண்டு, அவளுக்குக் குறைவாகத் தோன்றாத மாதிரி செய்தார். என்ன தேர்வு, எதற்காக, எவ்வளவு நேரம், யார் வைப்பார், முடிவு யாரிடம் போகும், தாள்கள் எங்கே பூட்டியிருக்கும் என்று வரிசையாக வந்தது. இதனால் என்ன நல்லது என்று சொன்னதைப் போலவே, என்ன கெடுதல் வரலாம் என்றும் சொன்னார். தேர்வில் வருகிற ஒரு பெயர் பிள்ளையோடு ஒட்டிக்கொள்ளலாம், சில நேரம் தெளிவான முடிவு எதுவும் கிடைக்காமலும் போகலாம். இதே தேர்வை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் எடுக்கலாம், காத்திருக்க வேண்டியிருக்கலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். கட்டணம் வாங்குவதற்கு முன்னால் இப்படிச் சொல்லும் ஒருவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

வாசித்து முடித்ததும் பேனா வரவில்லை. "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்கம்மா, என்ன நடக்கப் போகுது?" என்று கேட்டார். தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்: "கட்டை அடுக்குறது, கேள்வி பதிலு, வாசிக்கிறது எல்லாம் இருக்கும். பாதியில வேணாம்னா நிறுத்திரலாம், மிச்சக் காசு திரும்ப வந்துரும். ரிப்போர்ட்டு எங்கிட்டதான் வரும். நான் சொன்னாத்தான் ஸ்கூலுக்குப் போகும்." அவள் விட்டது ஒன்றுதான், அதை மேடம் எடுத்துக் கொடுத்தார்: "நமக்குப் பிடிக்காத முடிவு வந்தாலும் நான் மாத்தி எழுதித் தர மாட்டேன். அதுக்கும் சம்மதமான்னு யோசிங்க."

மச்சான் ஊரில் இல்லை, நான் தாய்மாமன், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். நம்மூரில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை மாமன் இல்லாமல் எதுவும் நடக்காது. அவர் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொன்னார்: "நீங்க கூட உக்காருங்கண்ணே, எல்லாத்தையும் கேளுங்க. கையெழுத்து மட்டும் அவனோட அம்மா போடணும்." அவள் என்னைப் பார்த்தாள். அவர் விடவில்லை. "அண்ணனப் பாக்காதீங்க, உங்களுக்குப் புரிஞ்சிருக்கா, உங்களுக்குச் சரியா, அத மட்டும் சொல்லுங்க." தங்கச்சி தாளை வீட்டுக்குக் கொண்டு போய் இரண்டு நாள் கழித்துப் போடுகிறேன் என்றாள். சரி என்று ஒரு பிரதி கொடுத்து அனுப்பிவிட்டார். நாங்கள் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது, ஒரு தேர்வும் தொடங்கவில்லை.

பக்கத்தில் சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் அவர் சரி என்றால் போதும் என்றுதான் நம் பக்கம் ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. அது செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் 2008லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டெல்லியில் ஒரு பெண் வயிற்றுக்குள் என்ன பிரச்சினை என்று பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த அவருடைய தாயாரிடம் கேட்டுக்கொண்டு கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வயது வந்த, சுயநினைவு திரும்பியதும் தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காகத் தாய் கொடுத்த சம்மதம் சம்மதமாகாது என்றது கோர்ட். பரிசோதனைக்குச் சொன்ன சரி சிகிச்சைக்குச் சொன்ன சரி ஆகாது என்றும் சொன்னது. எங்கள் விஷயம் அந்த அளவுக்குப் பெரியது இல்லைதான். ஆனாலும் தேர்வு வைக்கச் சம்மதித்தவளிடம், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவும் சம்மதமா என்று தனியாகக் கேட்டிருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 என்று ஒன்று இருக்கிறது. மனநோய்ச் சிகிச்சைக்காக வந்த சட்டம் அது, 2018 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வற்புறுத்தல், மிரட்டல், ஏமாற்று எதுவும் இல்லாமல், நன்மை தீமையையும் மாற்று வழிகளையும் சொல்லி, அந்த ஆளுக்குப் புரிகிற மொழியிலும் முறையிலும் விளக்கிய பிறகு கிடைப்பதுதான் சம்மதம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. புரிகிற மொழியில் என்பதைத் தங்கச்சிமடத்துக் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஆங்கிலத் தாளில் பெருக்கல் குறிக்கு நேராக விழுந்த கையெழுத்தை இந்த அளவுகோலில் எங்கே வைப்பது?

தேர்வு நாளுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் கண்ணும் காதும் பரிசோதித்து வரச் சொல்லியிருந்தார். பார்வை சரியில்லாத பிள்ளைக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்து என்ன பயன் என்று கேட்டார், நியாயம்தான். முதல் இடத்தில் எந்தத் தேர்வு வைத்தார்கள் என்றும் எழுதி வாங்கி வரச் சொன்னார். ஒரே தேர்வைக் கொஞ்ச காலத்துக்குள் மறுபடி வைத்தால், பழகிய காரணத்தாலேயே எண் கூடிவிடுமாம். அந்த இடத்தில் முதலில் தர மறுத்தார்கள். தங்கச்சி பதிவுத் தபாலில் கடிதம் போட்ட பிறகு ஒரு பக்கம் வந்தது. தேர்வை ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பது அதில்தான் தெரிந்தது. வீட்டிலும் கரையிலும் தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளையிடம் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, பதில் வரவில்லை என்றதும் அறிவு குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உள்ளே போவதற்கு முன்னால் மேடம் பையனிடம் தனியாகப் பேசினார். அவனுக்குப் பதினெட்டு வயது ஆகாததால் சட்டப்படி அம்மா கையெழுத்துதான் செல்லும். ஆனாலும் அவன் சரி என்று சொல்லாமல் தான் தொடங்குவதில்லை என்றார். "இதுல பாஸ் ஃபெயில் கிடையாது தம்பி. சிலது சுளுவா இருக்கும், சிலது யாருக்குமே வராது, அது அப்படித்தான் செஞ்சிருக்காங்க. தலை வலிச்சாலோ, பிடிக்கலைன்னாலோ கையத் தூக்கு, நிறுத்திருவேன். ஏன்னு கேக்க மாட்டேன்." அவன் தலையாட்டினான், நம்பவில்லை. கட்டைகளை வைத்து வடிவம் அமைக்கும் பகுதியில், நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே கையைத் தூக்கிப் பார்த்திருக்கிறான். மேடம் உடனே கடிகாரத்தை நிறுத்தி, கட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு, கதவைத் திறந்து "அம்மாகிட்டப் போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்தவன் முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். "மாமா, நெசமாவே நிறுத்திட்டாங்க" என்றான். தண்ணீர் குடித்துவிட்டு அவனாகவே உள்ளே போனான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவில்லையாம்.

அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்று தங்கச்சியிடம் கேட்டார்கள். தங்கச்சி வேண்டாம் என்றாள். அந்தப் பெண் "சரிங்கக்கா" என்று நோட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். முகச்சுளிப்பு இல்லை, "படிக்கிற புள்ளதானே" என்ற சிபாரிசும் வரவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகு உபசரிப்பு குறையாமல் இருந்ததைத் தங்கச்சி ஊருக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

என்னென்ன தேர்வு என்று கேட்பவர்களுக்காக: வெக்ஸ்லர் அறிவுத்திறன் தேர்வை மாலின் என்பவர் இந்தியப் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றியது ஒன்று, பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுத் தேர்வுத் தொகுப்பு ஒன்று. இவற்றோடு வைன்லேண்ட் என்ற அளவுகோலை வைத்துத் தங்கச்சியிடம் பையனின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி நீளமாகக் கேட்டார். வலை தைப்பதும் பங்குக் கணக்கும் அங்கேதான் எடுபட்டன. அறிவுத்திறன் எண் ஒன்றை மட்டும் வைத்து மனவளர்ச்சிக் குறைவு என்று முடிவு கட்டக் கூடாது, அன்றாடம் தன் காரியத்தையும் ஊர்க் காரியத்தையும் எப்படிச் சமாளிக்கிறான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். கேள்விகளை ஒரு பிரதி தந்தால் வீட்டில் பழக்குவேன் என்று தங்கச்சி கேட்டதற்கு மட்டும் மறுத்துவிட்டார். கேள்விகள் வெளியே போனால் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வே வீணாகிவிடும் என்று காரணம் சொன்னார்.

முடிவைத் தாளில் கொடுப்பதற்கு முன்னால் உட்கார வைத்துச் சொன்னார்கள். முதலில் தங்கச்சியிடம், பிறகு பையனிடம் அவனுக்குப் புரிகிற மாதிரி. அறிவில் குறை இல்லை, எழுத்தைச் சத்தத்தோடு சேர்ப்பதில்தான் சிக்கல், டிஸ்லெக்ஸியா வகை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் சொல்லியிருக்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் என்ற சலுகைகள் உண்டு. ஆனால் அதற்கான சான்றிதழைத் தன்னால் தர முடியாது, அரசு மருத்துவமனையில்தான் வாங்க வேண்டும், தன் அறிக்கை அங்கே கொண்டு போக உதவும், அவ்வளவுதான் என்றார். தன்னால் முடியாததை முதலிலேயே சொன்னதால் எங்களுக்கு அலைச்சல் குறைந்தது.

பள்ளிக்கூடத்துக்கு எதை அனுப்புவது என்பதற்குத் தனித் தாள், தனிக் கையெழுத்து. முழு அறிக்கையா, பரிந்துரைகள் மட்டும் உள்ள ஒரு பக்கமா, ஒன்றுமே வேண்டாமா என்று கேட்டார்கள். பையன் எண் வேண்டாம் என்றான், தங்கச்சி ஒரு பக்கம் போதும் என்றாள். அதைத் தங்கச்சி கையில் உறையில் போட்டுத்தான் கொடுத்தார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாலும் அனுப்புவதில்லையாம்.

மச்சான் விடுதலையாகி வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், அவர் அனுமதித்த அளவுக்கு. வந்தவருக்குத் தூக்கம் இல்லை. ராத்திரி எஞ்சின் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். படகு அங்கேயே கிடக்கிறது, கடன் இங்கே இருக்கிறது. பையனுக்காக அந்த மையத்துக்குப் போன பழக்கத்தில் அவரும் போகத் தொடங்கினார். நான் சும்மா இருக்காமல் போன் போட்டு, மச்சான் எப்படி இருக்கிறார், என்ன சொல்கிறார் என்று கேட்டேன். வந்த பதில்: "அண்ணே, ஒருத்தர் இங்க வர்றாரா இல்லையாங்கிறதக்கூட நான் சொல்றதில்ல. உங்களுக்குக் கவலையா இருந்தா அவர்கிட்டயே கேளுங்க, இல்ல அவரோட சேந்து வாங்க." அந்த நேரம் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு படகு முதலாளியும் போன் போட்டிருக்கிறார், ஆள் கடலுக்குப் போகும் நிலையில் இருக்கிறாரா என்று. அவருக்கும் அதே பதில். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த வருத்தம் போய்விட்டது. பாம்பனில் பஸ் ஏறினால் ராமநாதபுரத்தில் இறங்குவதற்குள் யார் எதற்குப் போகிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் கடற்கரை இது. மனசுக்குள் இருப்பதைச் சொல்ல ஓர் இடம் வேண்டுமென்றால், அந்த இடம் இப்படி வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். மனநலச் சட்டத்தின் 23ஆவது பிரிவும் இந்த ரகசியத்தை நோயாளியின் உரிமை என்றுதான் சொல்கிறது.

எந்த நேரத்தில் ரகசியம் காக்க முடியாது என்பதையும் முதல் நாளே சொல்லியிருக்கிறார்கள். தன் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால், கோர்ட் கேட்டால், குழந்தை யாருக்காவது பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் சொல்லியே ஆக வேண்டும். போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். "சாகணும்னு தோணுதுன்னு சொன்னா போலீஸ் கேஸ் ஆயிருமா" என்று மச்சான் கேட்டிருக்கிறார். நம் பக்கம் எல்லோருக்கும் உள்ள பயம்தான். அப்படித் தோன்றுவதைச் சொன்னால் கேஸ் கிடையாது, முயற்சி செய்தவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் 2017 சட்டம் பார்க்கிறது, தண்டனையை விட்டு உதவி செய்யச் சொல்கிறது என்று மேடம் விளக்கியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் மச்சான் பேசினாராம். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், மனநலம் சரியாகும் என்ற நம்பிக்கையில் ஆட்களைக் கொண்டு வந்து விடும் தர்கா உள்ள ஏர்வாடி எங்கள் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப் போட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்துப் போனார்கள். தர்காவை நான் குறை சொல்லவில்லை, எல்லா மதத்து ஆட்களும் நம்பிக்கையோடு போகிற இடம். கட்டிப் போட்டவர்களில் பலரை வீட்டு ஆட்களே கொண்டு வந்து விட்டிருந்தார்கள், பாசத்தோடும் இயலாமையோடும்தான். ஆனால் சங்கிலி போடுகிறோம், உனக்குச் சரியா என்று அந்த 28 பேரில் யாரையாவது ஒருவர் கேட்டிருப்பாரா? இன்றைக்கு எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், பன்னிரண்டு வயதுப் பையன் கையைத் தூக்கியதும் வேலையை நிறுத்துகிற ஓர் அறை இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

குறைகளும் இருக்கின்றன. மாடிப்படி செங்குத்தானது. கால் முடியாதவர்கள், வயதானவர்கள் ஏறுவது கஷ்டம். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் வருகிற இடத்தில் இது பெரிய குறைதான், கீழ்த்தளத்தில் இடம் பார்க்க வேண்டும். முன்னறைப் பெஞ்ச் ஜன்னலை ஒட்டிக் கிடக்கிறது, எதிர் டீக்கடையில் நிற்பவருக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். உள்ளே அவ்வளவு ரகசியம் காத்துவிட்டு வெளியே இப்படி விட்டிருப்பது பொருந்தவில்லை. முழு அறிக்கை ஆங்கிலத்தில்தான் வருகிறது, தமிழ்ச் சுருக்கம் கேட்டு வாங்க வேண்டும், அதற்கு ஒரு வாரம் கூடுதலாக ஆனது. சம்மதத் தாளைத் தமிழில் வைத்திருப்பவர்கள் அறிக்கையையும் அப்படித் தரலாமே. குறித்துக் கொடுத்த நேரத்தைவிட எப்போதும் தாமதம், தீவிலிருந்து போகிறவர்கள் கடைசி பஸ்ஸை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம்: முதல் பேச்சுக்கு 400 ரூபாய், தேர்வும் அறிக்கையும் சேர்த்து 3,000. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை, அதுவும் மச்சான் உள்ளே இருந்த நேரத்தில். இரண்டு தவணையாகக் கட்ட விட்டார்கள். ரசீது கேட்காமலேயே தருகிறார்கள், ரசீதில் எதற்காக வந்தோம் என்று எழுதுவதில்லை. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் கூட்டம் அதிகம், முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொள்ளுங்கள்.

காசு முடியாதவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். ராத்திரி நேரத்தில் மனசு தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். ஆள் கட்டுக்கடங்காமல் இருக்கிறார், பல நாள் சாப்பிடவில்லை, குரல் கேட்கிறது என்கிறார் என்றால் இந்த மையத்தில் நேரத்தைப் போக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மேடமும் அதைத்தான் சொல்வார்.

சம்மதத் தாளின் வெற்றுப் பிரதி ஒன்றை அங்கே கேட்டால் யாருக்கும் தருகிறார்கள். என் கடையில் ஒன்று வைத்திருக்கிறேன். வேறு எந்த ஊரில், எந்த மையத்துக்குப் போவதாக இருந்தாலும் வந்து வாசித்துப் பார்த்துவிட்டுப் போங்கள், என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரியும். வாசிக்க வராதவர்களுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன், ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம். ஜன்னல் பெஞ்சைப் பற்றி மேடத்திடம் சொல்லியிருக்கிறேன், இடம் மாற்றிப் போடுவதாகச் சொன்னார். அடுத்த முறை பையனுக்கு வாசிப்புப் பயிற்சிக்குப் போகும்போது பார்த்துவிட்டு, மாற்றியிருந்தால் இங்கேயே எழுதுகிறேன்.